ஜின் கலந்த காபி காக்டெய்ல்: வீட்டில் தயாரிப்பது எப்படி? காபி குடித்தால் போதை குறையுமா?

பெங்களூரு: மது அருந்தியவருக்குக் கடுங்காபி கொடுத்தால் போதை தெளிந்துவிடும் என்ற நம்பிக்கை நாட்டின் பல பகுதிகளில் இன்றும் உள்ளது. அந்த இரண்டையும் ஒரே கோப்பையில் சேர்த்துப் பரிமாறும் காபி காக்டெய்ல்கள், பெருநகர உணவகங்களைக் கடந்து வீட்டு விருந்துகளுக்கும் வந்துவிட்டன. குறிப்பாக ஜின் எனப்படும் மதுவகையுடன் காபியைச் சேர்ப்பது, விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் இன்றி வீட்டில் செய்யக்கூடியதாக இருப்பதால் பலரின் கவனத்தை ஈர்த்துள்ளது.

இக்கலவையைத் தயாரிப்பது எளிது. அளவு தவறுவது அதைவிட எளிது. உணவகத்தில் மதுவை அளந்து ஊற்றுவதற்கு ஊழியர் இருப்பார். வீட்டில் அந்தப் பொறுப்பு தயாரிப்பவரையே சேரும். மேலும், காபியில் உள்ள காஃபின் உறக்கத்தைத் தள்ளிவைக்குமே தவிர, ரத்தத்தில் கலந்த ஆல்கஹாலைக் குறைக்காது. எனவே இந்தக் காக்டெய்லைப் பொறுத்தவரை செய்முறையும் எச்சரிக்கையும் ஒன்றாகவே அறியப்பட வேண்டியவை. அவை குறித்த விளக்கம் வருமாறு:

ஜின் என்பது என்ன?

தானியம் அல்லது கரும்புச் சாற்றுப் பாகிலிருந்து வடிக்கப்படும் நிறமற்ற சாராவியில், ஜூனிபர் என்னும் ஊசியிலை மரத்தின் சிறு காய்களைச் சேர்த்து மணமூட்டித் தயாரிக்கப்படுவதே ஜின். ஜூனிபரின் மணம் முதன்மையாக இருந்தால்தான் அது ஜின் எனக் கருதப்படும். அத்துடன் கொத்தமல்லி விதை, ஆரஞ்சு மற்றும் எலுமிச்சைத் தோல், ஏலக்காய் போன்றவற்றையும் தயாரிப்பாளர்கள் சேர்க்கின்றனர்.

காபியுடன் ஜின் பொருந்துவதற்குக் காரணமும் இதுவே. வோட்காவுக்குத் தனக்கென மணம் மிகக் குறைவு. ஆகவே காபியின் சுவை மட்டுமே அதில் மேலோங்கி நிற்கும். ஜின்னிலோ ஆரஞ்சுத் தோல், கொத்தமல்லி ஆகியவற்றின் மணம் ஏற்கெனவே உண்டு. மிதமாக வறுத்த காபியில் இயல்பாக உள்ள பழமணமும் புளிப்பும் அவற்றுடன் இணைகின்றன. அதே வேளையில், கருகும் அளவுக்கு வறுத்த காபியைச் சேர்த்தால் ஜின்னின் மென்மையான மணங்கள் மறைந்து, கசப்பு மட்டுமே எஞ்சும்.

லண்டனிலிருந்து கோவா வரை

காபி காக்டெய்ல்களில் உலக அளவில் அதிகம் அறியப்பட்டது 'எஸ்பிரஸ்ஸோ மார்ட்டினி'. லண்டனைச் சேர்ந்த மதுக்கலவைக் கலைஞர் டிக் பிராட்செல் 1980-களில் இதை உருவாக்கினார். வோட்கா, காபி லிக்கர், எஸ்பிரஸ்ஸோ, சர்க்கரைப் பாகு ஆகியவை இதில் சேரும். வோட்காவின் இடத்தில் ஜின்னைச் சேர்த்தால் கிடைப்பதே இப்போது பேசப்படும் வகைகளுள் ஒன்று.

மற்றொரு வகை, ஜின்னும் டானிக் வாட்டரும் கலந்த பழைய பானத்தின் மீது காபியை ஊற்றுவது. இதன் வரலாறு இந்தியாவோடு தொடர்புடையது. டானிக் வாட்டரின் கசப்புக்குக் காரணம் குயினின். சின்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைக்கும் இப்பொருள், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகப் பயன்பட்டது. 1858-ல் லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் என்பவர் டானிக் பானத்துக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேயர்களிடையே ஜின்னும் டானிக்கும் கலந்த பானம் பரவியது. தென் அமெரிக்காவிலிருந்து கிளமென்ட்ஸ் மார்க்கம் குழுவினர் கொண்டுவந்த சின்கோனா நாற்றுகள் 1860-களில் நீலகிரியில் பயிரிடப்பட்டன. உதகை, நடுவட்டம் பகுதிகளில் அரசுத் தோட்டங்கள் உருவாயின.

அண்மைக் காலத்தில் இந்தியாவிலேயே சிறிய அளவில் தயாரிக்கப்படும் ஜின் வகைகளும் சந்தைக்கு வந்துள்ளன. 2017-க்குப் பிறகு கோவாவில் இத்தகைய தயாரிப்புகள் அடுத்தடுத்துத் தொடங்கப்பட்டன. இமயமலைப் பகுதியின் ஜூனிபரைப் பயன்படுத்தும் ஜின்னும், காபிக் கொட்டையின் மணம் ஏற்றப்பட்ட ஜின்னும் அவற்றுள் அடங்கும்.

எந்தக் காபி ஏற்றது?

இந்தியக் காபி உற்பத்தியில் சுமார் 70 சதவீதம் கர்நாடகத்தின் பங்கு. கேரளமும் தமிழ்நாடும் அடுத்த இடங்களில் உள்ளன. கூர்க் அராபிகா, சிக்மகளூர் அராபிகா, பாபா புடன்கிரி அராபிகா, அரக்கு பள்ளத்தாக்கு அராபிகா, வயநாடு ரோபஸ்டா ஆகிய ஐந்து வகைகளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இவற்றில் அராபிகா வகைகள் ஜின்னுக்கு நன்கு பொருந்தும். புளிப்பும் பழமணமும் மிகுந்தவை என்பதோடு, காஃபின் அளவும் இவற்றில் குறைவு. அராபிகாக் கொட்டையில் எடையளவில் சுமார் 1.2 முதல் 1.5 சதவீதம் வரை காஃபின் இருக்கும். ரோபஸ்டாவில் இது ஏறத்தாழ இரு மடங்கு. கடைகளில் வாங்கும் தூள் எந்த வகை எனக் கேட்டறிவது சுவைக்காக மட்டுமின்றி, காஃபின் கணக்குக்காகவும் தேவைப்படுகிறது.

மேற்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தில் வைத்துப் பதப்படுத்தப்படும் 'மான்சூன்ட் மலபார்' காபியில் புளிப்பு மிகக் குறைவு. டானிக் சேர்க்காத, குலுக்கித் தயாரிக்கும் வகைக்கு அது ஏற்றது.

ஃபில்டர் காபித் தூளில் சேர்க்கப்படும் சிக்கரி, ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்தது. அதில் காஃபின் கிடையாது. காபி, சிக்கரி கலவையில் காபியின் அளவு 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. சிக்கரி சேர்ந்த டிகாஷன் அடர்த்தியாகவும் சற்று இனிப்புக் கலந்த கசப்புடனும் இருக்கும். குலுக்கித் தயாரிக்கும் வகைக்கு அது குறையாகாது. ஆனால் டானிக் வாட்டரின் கசப்புடன் சிக்கரியின் கசப்பும் சேர்ந்தால் பானம் மருந்துபோல் ஆகிவிடும் என்பதால், அவ்வகைக்குச் சிக்கரி கலக்காத தூளே நல்லது.

தேவையான கருவிகள்

ஷேக்கர் இல்லாதவர்கள் இறுக்கமான மூடியுள்ள வாய் அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தையோ, தடித்த கண்ணாடி ஜாடியையோ பயன்படுத்தலாம். காபி வடிகட்டிக்குப் பதில் சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணி போதும். தவிர்க்கக் கூடாத ஒரே கருவி, மில்லிலிட்டர் குறியிட்ட அளவுக் கோப்பை. இருமல் மருந்துடன் வரும் சிறிய பிளாஸ்டிக் மூடியைக் கழுவிப் பயன்படுத்தினாலும் அளவு சரியாக இருக்கும். பாட்டிலைக் கவிழ்த்துக் கண்ணளவில் ஊற்றுவது கூடாது. அதற்கான காரணம் பின்னர் விளக்கப்படுகிறது.

முதல் வகை: காபி, டானிக், ஜின்

இதற்குக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து எடுக்கும் 'கோல்ட் ப்ரூ' காபி தேவை. வெந்நீரில் எடுக்கும் டிகாஷனைவிட இதில் கசப்பு குறைவு.

1. ரவை பதத்தைவிடச் சற்றுக் கொரகொரப்பாக அரைத்த காபித் தூள் 50 கிராம் எடுத்து, 400 மி.லி. குடிநீரில் கலந்து, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் 12 முதல் 16 மணி நேரம் வைக்க வேண்டும்.

2. பின்னர் துணியில் வடிகட்ட வேண்டும். துணியைப் பிழியக் கூடாது. பிழிந்தால் நுண்தூளும் கசப்பும் இறங்கிவிடும். வடிகட்டிய காபியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நான்கைந்து நாள்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

3. உயரமான கண்ணாடிக் குவளையை ஐஸ் கட்டிகளால் நிரப்ப வேண்டும். அதில் 30 மி.லி. ஜின்னை அளந்து ஊற்றி, குளிரூட்டிய டானிக் வாட்டர் 120 மி.லி. சேர்த்து, கரண்டியால் ஒருமுறை மட்டும் கிளற வேண்டும்.

4. இறுதியாக 45 மி.லி. கோல்ட் ப்ரூ காபியை ஐஸ் கட்டியின் மீது படும்படி மெதுவாக ஊற்ற வேண்டும். ஆரஞ்சுத் தோலின் சிறு துண்டைக் குவளையின் மேல் பிடித்து முறுக்கி, அதன் எண்ணெய் மேற்பரப்பில் தெறித்த பின் உள்ளே இடலாம்.

காபியைக் கடைசியில் ஊற்றுவதற்குக் காரணம் உண்டு. காபியில் மிதக்கும் நுண்துகள்களைப் பற்றிக்கொண்டு டானிக்கில் உள்ள வாயு வேகமாகக் குமிழியிடும். வேகமாக ஊற்றினால் பானம் பொங்கி வழிந்துவிடும். மெதுவாக ஊற்றினால், சர்க்கரை கலந்த டானிக்கைவிட அடர்த்தி குறைந்த காபி மேலே தனி அடுக்காக நிற்கும்.

இரண்டாம் வகை: குலுக்கித் தயாரிக்கும் ஜின் காபி

இதற்கு முதலில் சர்க்கரைப் பாகு தயாரிக்க வேண்டும். 100 கிராம் சர்க்கரையை 100 மி.லி. நீரில் இட்டு, கரையும் வரை மட்டும் சூடாக்கி ஆறவைத்தால் போதும். கம்பிப் பதம் வரக் கூடாது. வெல்லப் பாகும் பொருந்தும். ஆனால் வடிகட்டிப் பயன்படுத்த வேண்டும்.

1. எஸ்பிரஸ்ஸோ அல்லது கெட்டியான முதல் டிகாஷன் 30 மி.லி. எடுத்து, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவைக்க வேண்டும்.

2. குலுக்கும் பாத்திரத்தில் 30 மி.லி. ஜின், ஆறிய காபி, 15 மி.லி. சர்க்கரைப் பாகு ஆகியவற்றை ஊற்றி, பாத்திரம் முக்கால் பங்கு நிறையும் வரை ஐஸ் கட்டிகளை இட வேண்டும்.

3. மூடியை இறுக்கி, துணியால் சுற்றிப் பிடித்து, 15 விநாடி வேகமாகக் குலுக்க வேண்டும். பின் குளிரவைத்த சிறு கோப்பையில் வடிகட்ட வேண்டும்.

மேலே படியும் நுரையே இதன் அடையாளம். புதிதாக வறுத்த காபியில் தங்கியிருக்கும் கரியமில வாயுவும், காபியில் உள்ள புரதம் மற்றும் மாவுப்பொருள் வகைகளும் நுரையைத் தாங்கி நிறுத்துகின்றன. பழைய தூளில் வாயு வெளியேறிவிட்டதால் நுரை நிற்காது. இன்ஸ்டன்ட் காபித் தூள் ஒரு தேக்கரண்டியை 30 மி.லி. வெந்நீரில் கரைத்து ஆறவைத்தும் இதைத் தயாரிக்கலாம். நுரை தாராளமாக வரும், மணம் குறையும்.

கொதிக்கும் காபியை மூடிய பாத்திரத்தில் ஊற்றிக் குலுக்கக் கூடாது. ஆவியின் அழுத்தத்தால் மூடி தெறித்துக் கை, முகத்தில் சூட்டுக் காயம் ஏற்படக்கூடும். டானிக், சோடா போன்ற வாயு நிறைந்த பானங்களையும் குலுக்கக் கூடாது.

காபிக் கொட்டையை ஜின்னில் ஊறவைக்கலாமா?

250 மி.லி. ஜின்னில் 20 கிராம் முழுக் காபிக் கொட்டைகளை இட்டு, மூடி, ஒரு நாள் வைத்து வடிகட்டினால் காபி மணம் ஏறிய ஜின் கிடைக்கும். தூளைப் பயன்படுத்தினால் சில மணி நேரத்திலேயே கடும் கசப்பு இறங்கிவிடும். நிறம் காபிபோல் மாறினாலும் ஆல்கஹால் அளவு ஏறத்தாழ அப்படியே இருக்கும். எனவே அந்தப் பாட்டிலின் மீது உள்ளிருப்பது என்ன என்பதையும் தேதியையும் எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டிவைப்பது அவசியம். கரும்பழுப்பு நிறத் திரவத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் பார்க்கும் சிறுவர்கள் அதைக் குளிர்ந்த காபி எனக் கருதக்கூடும்.

முத்திரையிட்ட பாட்டிலில் வாங்கிய மதுவில் மணமூட்டுவது வேறு. மதுவை வடிப்பது வேறு. உரிமமின்றி வீட்டில் சாராயம் வடிப்பது குற்றமாகும். முறையற்ற வழியில் தயாரிக்கப்படும் மதுவில் மெத்தனால் கலந்திருந்தால் பார்வை இழப்பும் மரணமும் நேரலாம். ஆகவே அரசு அங்கீகரித்த கடையில், முத்திரை உடையாத பாட்டிலை மட்டுமே வாங்க வேண்டும். வீட்டில் மணமூட்டியதை உரிமமின்றி விற்பனை செய்வதும் கூடாது.

சுவை தவறினால் என்ன செய்வது?

பானம் அதிகமாகக் கசந்தால், சர்க்கரையைக் கூட்டுவதற்கு முன் காபியின் அளவை 45 மி.லி.யிலிருந்து 30 மி.லி.யாகக் குறைத்துப் பார்க்கலாம். ஒரு சிட்டிகை உப்பும் கசப்பைத் தணிக்கும். நீர்த்துப்போனால் ஐஸ் கட்டிகள் சிறியவையாகவோ ஏற்கெனவே உருகத் தொடங்கியவையாகவோ இருந்திருக்கும். பெரிய கட்டிகள் மெதுவாக உருகும். ஜின்னின் மணம் தெரியவில்லை என்றால் காபி அதிகம் வறுபட்டது என்று பொருள். அதை ஈடுசெய்ய ஜின்னைக் கூட்டுவது தவறான தீர்வு. ஆரஞ்சுத் தோலை இன்னொரு துண்டு சேர்ப்பதே சரியானது.

ஒரு கோப்பையில் எவ்வளவு மது?

இந்தியாவில் விற்கப்படும் ஜின் பாட்டில்கள் பலவற்றில் ஆல்கஹால் 42.8 சதவீதம் எனக் குறிக்கப்பட்டிருக்கும். அதன்படி 30 மி.லி. ஜின்னில் தூய ஆல்கஹால் சுமார் 10 கிராம் உள்ளது. அதுவே ஒரு சிறிய பெக். 60 மி.லி. ஊற்றினால் 20 கிராம். எஸ்பிரஸ்ஸோ மார்ட்டினியின் சர்வதேச அளவு முறையில் 50 மி.லி. வோட்காவும் 30 மி.லி. காபி லிக்கரும் சேர்வதால், அந்த ஒரே கோப்பையில் சுமார் 20 கிராம் ஆல்கஹால் வந்துவிடுகிறது. அதாவது ஒரு கோப்பை எனத் தோன்றுவது உண்மையில் இரண்டு பெக்.

நலமாக உள்ள ஒருவரின் கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலை மட்டுமே சிதைக்கிறது. காபி, எலுமிச்சைச் சாறு, மோர், குளிர்ந்த நீர்க் குளியல் ஆகிய எதுவும் இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. நேரம் மட்டுமே போதையைக் குறைக்கும்.

காஃபின் கணக்கும் உண்டு. மேற்கூறிய முறையில் 50 கிராம் அராபிகாத் தூளில் உள்ள காஃபின் முழுவதும் 400 மி.லி. நீரில் இறங்கினாலும், 45 மி.லி. காபியில் சுமார் 85 மி.கி. வரையே இருக்கும். ரோபஸ்டாவாக இருந்தால் அது 120 மி.கி.யைத் தாண்டக்கூடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களில், நாளொன்றுக்கு 300 மி.கி. காஃபின் என்ற வரம்பு குறிப்பிடப்பட்டுள்ளது. காலையிலும் மாலையிலும் குடித்த காபி, தேநீரையும் சேர்த்தே இதைக் கணக்கிட வேண்டும்.

சர்க்கரையையும் மறந்துவிடக் கூடாது. 15 மி.லி. பாகில் சுமார் 9 கிராம் சர்க்கரை உள்ளது. இனிப்பூட்டிய டானிக் வாட்டர் 120 மி.லி.யிலும் ஏறத்தாழ இதே அளவு இருக்கும். சோடாவையும் டானிக் வாட்டரையும் ஒன்றெனக் கருதும் நீரிழிவு நோயாளிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

விழித்திருப்பவர் தெளிவாக இருக்கிறாரா?

நாம் விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்கிறது. அது தன் ஏற்பிகளில் சென்று பொருந்தும்போது சோர்வும் உறக்கமும் தோன்றுகின்றன. காஃபின் அந்த ஏற்பிகளை அடைத்துக்கொள்வதால் சோர்வு தெரிவதில்லை. ஆல்கஹாலின் செயல்பாடோ பரந்துபட்டது. முடிவெடுக்கும் திறன், கை கால் ஒருங்கிணைப்பு, தூரத்தைக் கணிக்கும் ஆற்றல், எதிர்வினை வேகம் ஆகிய அனைத்தையும் அது மந்தப்படுத்துகிறது. காஃபின் இவற்றில் உறக்க உணர்வை மறைக்கிறதே தவிர, மற்றவற்றைச் சீராக்குவதில்லை.

இதன் விளைவாக, போதையில் இருப்பவர் தாம் தெளிவாக இருப்பதாக நம்புகிறார். வழக்கமாக 'போதும்' எனச் சொல்லவைக்கும் தூக்கக் கலக்கம் வராததால், அடுத்த கோப்பையையும் எடுக்கிறார். இந்த அபாயத்தைக் கருத்தில் கொண்டே, காஃபின் சேர்த்த மால்ட் மதுபானங்களைத் தயாரித்த 4 நிறுவனங்களுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010 நவம்பரில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அத்தகைய மதுவில் சேர்க்கப்படும் காஃபின் பாதுகாப்பற்ற சேர்க்கைப் பொருள் என்று அது குறிப்பிட்டது.

காஃபினின் பாதி அளவு உடலிலிருந்து நீங்கச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். இரவு 9 மணிக்கு அருந்திய காபியின் பாதிக் காஃபின் அதிகாலை 2 மணிக்கும் உடலில் இருக்கும். மதுவும் இரவின் பிற்பகுதி உறக்கத்தைக் கலைக்கக் கூடியது. இரண்டும் சேர்ந்தால் மறுநாள் காலைச் சோர்வு இரட்டிப்பாகும். ஆகவே இதை இரவு உணவுக்குப் பின் அருந்துவது நல்லதன்று. வெறும் வயிற்றில் அருந்துவதும் கூடாது.

வாகனம் ஓட்டலாமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவின்படி, 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவது குற்றம். முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் அதே குற்றத்தைச் செய்தால் 2 ஆண்டு வரை சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

இந்த வரம்பை எட்ட அதிகம் தேவையில்லை. பொதுவாகப் பயன்படுத்தப்படும் கணக்கீட்டு முறைப்படி, 60 கிலோ எடையுள்ள ஆண் 30 மி.லி. ஜின் அருந்தினால் 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 25 மி.கி. ஆல்கஹால் சேரக்கூடும். அளக்காமல் ஊற்றியதால் அது 45 மி.லி. ஆகிவிட்டால், அளவு சுமார் 37 மி.கி. ஆகி வரம்பைத் தாண்டிவிடும். உடலில் நீரின் விகிதம் குறைவு என்பதால், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 30 மி.லி. அளவிலேயே வரம்பு தாண்டப்படலாம். இவை தோராயக் கணக்குகள். உணவு, உடல்நிலை, மருந்துகள் ஆகியவற்றைப் பொறுத்து மாறுபடும். கண்ணளவில் ஊற்றக் கூடாது என்பதற்கும், ஒரே ஒரு கோப்பை அருந்தியவர்கூட அன்றிரவு வாகனத்தைத் தொடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

மாநிலத்துக்கு மாநிலம் மாறும் சட்டம்

அரசமைப்புச் சட்டப்படி மதுபானம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். எனவே விதிகள் மாநிலந்தோறும் வேறுபடுகின்றன. குஜராத், பிகார், நாகாலாந்து, மிசோரம் ஆகியவற்றில் மதுவிலக்குச் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23, டெல்லியில் 25. வீட்டில் எத்தனை லிட்டர் மது வைத்திருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. விருந்து நடத்துவோர் தத்தம் மாநில ஆயத்தீர்வை விதிகளை அறிந்துகொள்வது நல்லது. குறைந்தபட்ச வயதை எட்டாதவருக்கு, வீட்டு விருந்து என்பதற்காக மது கொடுப்பதும் கூடாது.

யார் தவிர்க்க வேண்டும்?

கர்ப்பிணிகள், கருத்தரிக்க முயல்வோர், பாலூட்டும் தாய்மார்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், இதயத் துடிப்புக் கோளாறு அல்லது கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், வலிப்பு நோயாளிகள் ஆகியோர் இக்கலவையை முற்றிலும் தவிர்க்க வேண்டும். தூக்க மாத்திரை, மன அமைதிக்கான மாத்திரை, சில நோய்த்தொற்று மருந்துகள் ஆகியவற்றுடன் மது சேர்வது ஆபத்தானது. குயினின் ஒவ்வாமை உள்ளவர்கள் டானிக் வாட்டரையும் தவிர்க்க வேண்டும்.

மதுப் பழக்கம் இல்லாதவர்கள் இதைச் சுவைப்பதற்காக அப்பழக்கத்தைத் தொடங்கத் தேவையில்லை. உடல்நலத்துக்குத் தீங்கற்ற மது அளவு என எதுவும் இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023-ல் தெரிவித்துள்ளது. புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் வகைப் பட்டியலில் ஆல்கஹால் இடம்பெற்றுள்ளது.

ஜின் இல்லாமலும் இதே சுவை

விருந்துக்கு வருவோரில் வாகனம் ஓட்டுபவரும் மது அருந்தாதவரும் இருப்பர். அவர்களுக்காக, ஒரு தேக்கரண்டி தட்டிய கொத்தமல்லி விதை, ஓர் ஏலக்காய், இரண்டு துண்டு ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றை 200 மி.லி. நீரில் இட்டு, மிதமான தீயில் 5 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறியதும் வடிகட்டிக் குளிரூட்டலாம். முதல் வகைச் செய்முறையில் ஜின்னுக்குப் பதில் இந்த நீர் 30 மி.லி. சேர்த்தால் போதும். ஜின்னுக்கு மணம் தரும் பொருள்கள் பலவும் இதில் இருப்பதால், காபியும் டானிக்கும் சேர்ந்த சுவை ஏறத்தாழ அப்படியே கிடைக்கும். ஒரே மாதிரியான குவளையில் கொடுத்தால் விருந்தில் யாரும் தனித்துத் தெரியமாட்டார்கள். எந்தக் குவளையில் எது உள்ளது என்பது மாறிவிடாமல் இருக்க, மதுவற்ற குவளையில் மட்டும் ஆரஞ்சுத் தோலுக்குப் பதில் ஒரு புதினா இலையை இட்டுவைக்கலாம்.

மதுப் பழக்கத்திலிருந்து விடுபட விரும்புவோர் 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணையும், மனநல ஆலோசனை தேவைப்படுவோர் 14416 என்ற டெலிமானஸ் எண்ணையும் கட்டணமின்றித் தொடர்புகொள்ளலாம்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கும். மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டாதீர்கள்.)